குதிரை முகத்தைப் பார்த்து ஏன் அழுகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "போஜாக் ஹார்ஸ்மேன் நான்கு எபிசோடு பார்த்தேன். குடித்துவிட்டு உளறும் ஒரு குதிரை, கெட்ட வார்த்தை, பாதிக்குப் பாதி மொக்கை ஜோக். இதைப் பார்த்து அழுதேன், தூக்கம் போச்சு என்று ஊரே எழுதுகிறதே, எல்லோரும் சும்மா சொல்கிறார்களா, இல்லை எனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லையா?" கடைசி வரியில், போகிற போக்கில், கூடத் தங்கியிருக்கும் நண்பர் "நான்தான்டா போஜாக்" என்று அடிக்கடி சொல்கிறார், அது கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. ஆனாலும் முதல் கேள்வியைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

நான் அனிமேஷனில் ஸ்டோரிபோர்டு வரைபவன், அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து தருபவன். பல வருடங்களாக வெளிநாட்டுத் தொடர்களுக்கு இங்கிருந்து வரைந்து அனுப்பும் வேலை. மாலையில் மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன், அங்கே இந்தத் தொடரைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டியிருக்கிறேன். அதனால் ஒரு காட்சி பார்ப்பவரை என்ன செய்கிறது, எதனால் செய்கிறது என்பது பற்றிக் கொஞ்சம் உறுதியாகப் பேசுவேன். மனநலம் என் துறை இல்லை. அந்தப் பக்கம் வரும்போது ஒரு சாதாரணப் பார்வையாளன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நெட்ஃபிளிக்ஸில் 2014 ஆகஸ்ட் 22-ல் தொடங்கி 2020 ஜனவரி 31-ல் முடிந்த தொடர், ஆறு சீசன். உருவாக்கியவர் ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க். உருவங்களை வடிவமைத்தவர் லிசா ஹனவால்ட், இருவரும் பள்ளிக்கால நண்பர்கள். மனிதர்களும் மனித உடம்பு கொண்ட விலங்குகளும் சர்வசாதாரணமாகச் சேர்ந்து வாழும் ஹாலிவுட். அதில் போஜாக் ஒரு குதிரை. தொண்ணூறுகளில் மூன்று அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் அப்பாவாக ஒரு டிவி சிட்காமில், அதாவது அரை மணி நேரச் சிரிப்புத் தொடரில், நடித்துப் புகழ்பெற்றவன், இப்போது மலைமேல் வீட்டில் குடித்துக்கொண்டு பழைய எபிசோடுகளைத் தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவனுடைய ஏஜென்ட் பிரின்சஸ் கேரலின் என்ற பூனை, போட்டி நடிகன் மிஸ்டர் பீனட்பட்டர் என்ற லாப்ரடார் நாய், சுயசரிதையை எழுதித் தர வரும் டயான், சோபாவில் ஓசியில் தங்கியிருக்கும் டாட். டயானும் டாடும் மனிதர்கள். போஜாக்குக்குக் குரல் வில் ஆர்னெட்.

இப்போது உங்களுக்கு ஒரு ஆறுதல். நான்கு எபிசோடில் உங்களுக்கு ஒன்றும் தோன்றாததில் வியப்பே இல்லை, அமெரிக்க விமர்சகர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் சீசன் வந்தபோது அவர்களுக்கு முன்கூட்டி அனுப்பப்பட்டவை பன்னிரண்டில் முதல் ஆறு மட்டும். பலர் "பரவாயில்லை, பார்த்த மாதிரியே இருக்கிறது" என்ற ரீதியில் எழுதினார்கள். பின்பாதியைப் பார்த்தவர்கள் நேர்மாறாக எழுதினார்கள். இண்டிவயர் என்ற சினிமா, டிவி விமர்சனத் தளம், இனி நெட்ஃபிளிக்ஸ் தொடர் என்றால் முழு சீசனையும் பார்த்த பிறகுதான் விமர்சனம் என்று தன் வழக்கத்தையே மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஆக, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையில் ஏதோ நடக்கிறது. அது என்ன என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்.

என் கணிப்பு இது. விலங்கு பேசினாலே நமக்கு ஒரு சட்டம் சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆகியிருக்கிறது: இங்கே யாருக்கும் நிஜமாக அடிபடாது. பூனை மேல் பாறை விழும், தட்டையாகும், அடுத்த ஷாட்டில் எழுந்து ஓடும். சிட்காமுக்கும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான். அரை மணி நேரத்துக்குள் சண்டை, மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு, அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. போஜாக் நடித்த சிட்காம் அப்படிப்பட்டதுதான். அதனால்தான் அவனுக்கு நிஜ வாழ்க்கையே விளங்கவில்லை. தொடர் நம்மை அந்தச் சட்டத்தை நம்ப வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல், அதை ரத்து செய்கிறது. இங்கே எதுவுமே பழையபடி ஆகாது. அழுகிறவர்கள் சோகக் காட்சிக்காக மட்டும் அழுவதில்லை. இந்த இடத்தில் அடி விழாது என்று நினைத்துக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் விழுந்துவிட்டது, அதனால்.

இதற்கு நான் வகுப்பில் காட்டும் உதாரணம் ஓர் எழுத்து. முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் போஜாக் போதையில் டயானை அசத்துவதற்காக மலைமேல் இருக்கும் ஹாலிவுட் பெயர்ப்பலகையிலிருந்து கடைசி 'டி' எழுத்தைத் திருடுகிறான். எந்தக் கார்ட்டூனிலும் அடுத்த வாரம் அது திரும்பி வந்துவிடும். இங்கே வரவில்லை. அந்த எபிசோடுக்கு அப்புறம் ஊரில் எல்லோரும் அந்த இடத்தை 'ஹாலிவூ' என்றே அழைக்கிறார்கள். செய்தி வாசிப்பவர், சினிமாக்காரர்கள், விமானத்தில் வந்து இறங்குபவர், எல்லோரும். ஆறு சீசனும் பலகை மொட்டையாகவே நிற்கிறது. கடைசியில் ஒருவழியாக எழுத்து செய்துகொண்டு வருகிறார்கள், அதுவும் தப்பான எழுத்து, 'பி'! சிரிப்புக்காக வைத்ததுதான், நான் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன். ஆனால் அது பின்னணியில் நின்றுகொண்டு நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது: இந்த ஊரில் செய்தது செய்ததுதான். எழுத்துக்கே இந்தக் கதி என்றால் ஆட்களுக்கு?

விலங்குகளை வைத்திருக்கும் விதமும் வேறு. பஞ்சதந்திரத்தில் நரி என்றால் தந்திரம், சிங்கம் என்றால் ஆட்சி. விலங்கைப் பார்த்தவுடனே குணம் தெரிந்துவிடும். இங்கே விலங்குத்தனம் பெரும்பாலும் நகைச்சுவையோடு நின்றுவிடுகிறது. பதிப்பாளர் ஒரு பென்குயின், பதிப்பகத்தின் பெயரும் பென்குயின். செய்தி வாசிப்பவர் ஒரு திமிங்கிலம். மிஸ்டர் பீனட்பட்டருக்கு யாரைப் பார்த்தாலும் ஒரே குதூகலம், நாய்க்குரிய குதூகலம். ஆனால் போஜாக் குதிரையாக இருப்பதால் அவன் குணம் பற்றி நமக்கு எதுவுமே தெரிவதில்லை. அவன் ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே போன பிறகு குதிரை என்பதே மறந்துவிடும், சில சமயம் அவன் கனைத்தால்தான் நினைவு வரும்.

நீங்கள் மொக்கை என்று சொன்ன ஜோக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலது மொக்கைதான், அதில் மறுப்பில்லை. சொல் விளையாட்டு அளவுக்கு மீறிப் போகும். ஆனால் பின்னணியை நிறுத்திப் பாருங்கள். மிஸ்டர் பீனட்பட்டர் டயானின் பிறந்தநாளுக்கு பேனர் அடிக்கச் சொல்கிறார். பேனரில் "டயானுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள், அழகான எழுத்தில் போடவும்" என்று அந்தக் குறிப்பும் சேர்ந்தே அச்சாகி வந்து நிற்கிறது. நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படி ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒளித்துவைத்த ஜோக்குகள் இருப்பதால், ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போதுதான் முதல் முறை சிரித்த இடங்களில் சிலவற்றில் சிரிப்பு வராமல் போகிறது. வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: சத்தமாகச் சிரித்த அதே பையன், இரண்டாவது தடவை அதே காட்சியில் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இனிமேல் கதை உடைபடும். மேலே பார்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

முதல் சீசனின் எட்டாவது எபிசோடுதான் வாசல் என்று நினைக்கிறேன். போஜாக்கைத் தூக்கிவிட்ட பழைய நண்பர் ஹெர்ப் புற்றுநோயில் கிடக்கிறார். தன்பாலீர்ப்பாளர் என்பது வெளியே தெரிந்து தொலைக்காட்சி நிறுவனம் அவரை வெளியேற்றியபோது போஜாக் வாய் திறக்காமல் இருந்துவிட்டான். இப்போது மன்னிப்புக் கேட்க வருகிறான். நமக்குத் தெரிந்த எல்லாக் கதையிலும் சாகக் கிடப்பவர் மன்னித்துவிடுவார். ஹெர்ப் மன்னிக்க மாட்டேன் என்கிறார். நீ இதோடுதான் வாழ வேண்டும் என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். விமர்சகர்கள் கைக்கு வந்த ஆறு எபிசோடில் இது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு அப்புறம் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது சீசனில் நியூ மெக்சிகோவில் பழைய தோழியின் குடும்பத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறான். அந்த வீட்டுப் பதினேழு வயதுப் பெண்ணோடு அவன் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்த பிறகு நிறைய பேர் தொடரையே நிறுத்திவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது சீசனில், சிட்காமில் அவனுக்கு மகளாக நடித்த சாரா லின், குடியையும் போதையையும் விட்டு மாதக்கணக்கில் ஒழுங்காக இருப்பவள். இவன் ஒரு போன் போட்டுக் குடிக்கக் கூப்பிடுகிறான். அவள் ஒரு கோளரங்கத்தில், இவன் தோளில் சாய்ந்தபடி நினைவிழக்கிறாள், அதோடு அவள் வாழ்க்கை முடிந்துபோகிறது. ஆறாவது சீசனில் பத்திரிகையாளர்கள் தோண்டுகிறார்கள். அவள் மயங்கிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பதினேழு நிமிடம் தாமதித்தான் என்பது வெளிவருகிறது. மூன்று சீசனுக்கு முன்னால் நாம் அவனோடு சேர்ந்து அழுத காட்சி அது. அதே காட்சியை இப்போது சாட்சிக்கூண்டில் நிற்கிற மாதிரி மறுபடியும் பார்க்க வைக்கிறார்கள்.

என் தொழில் பக்கத்திலிருந்து ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். நான்காவது சீசனின் பதினோராவது எபிசோடு, கேட் பர்டி எழுதியது. போஜாக்கின் அம்மா பியாட்ரிஸ், மகனை வார்த்தையாலேயே நொறுக்கி வளர்த்தவள், இப்போது மறதி நோயில் இருக்கிறாள். அந்த எபிசோடு அவள் தலைக்குள் நடக்கிறது. அவள் மறந்துபோனவர்களுக்கு முகமே இல்லை, கண் மூக்கு வாய் எதுவும் வரையாமல் வெறும் தோலாக விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வேலைக்காரப் பெண்ணின் முகத்தில் மட்டும் கருப்புக் கோடுகளைக் கிறுக்கி அழித்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். வெறுமையாக விட்டது மறதி. கிறுக்கியது, நினைவிருந்தும் பார்க்க மறுப்பது. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். நடிகர்களை வைத்து எடுத்தால் இதற்கு கிராஃபிக்ஸ் வேண்டும், பேய்ப்படம் மாதிரி ஆகிவிடும். கோட்டுச் சித்திரத்தில் இது இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

அந்த எபிசோடு முடியும் இடம். அம்மாவை ஒரு மட்டமான முதியோர் இல்லத்தில் போஜாக் கொண்டுவந்து விட்டிருக்கிறான், கிளம்பும் முன் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறான். அவள் திடீரென்று நிதானத்துக்கு வந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறாள். அவன் மென்று விழுங்கிவிட்டு, மிச்சிகனில் ஏரிக்கரை வீட்டில் இருக்கிறோம், எல்லோரும் கூட இருக்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம் என்று ஒரு பொய்யைக் கட்டுகிறான். ருசி தெரிகிறதா என்று கேட்கிறான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறாள். அவன் அவளை மன்னிக்கவில்லை, இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பல பேர் மன்னித்துவிட்டதாக எழுதுகிறார்கள். அவன் அந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுமை செய்யாமல் இருந்தான், அவ்வளவுதான். கொடுமைக்கார அப்பா அம்மாவுக்கு வயதான காலத்தில் பணிவிடை செய்ய வேண்டி வந்தவர்கள் இந்த இடத்தில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது நடிப்பு இல்லை.

அதே மாதிரி ஐந்தாவது சீசனில் அந்த அம்மாவின் சாவுக்கு அவன் பேசும் எபிசோடு. தொடக்கத்தில் வரும் சின்ன ஃபிளாஷ்பேக்கை விட்டால், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் பேசுகிறான், கிட்டத்தட்ட முழு எபிசோடும் அதுதான். கேட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடைசி வரை காட்ட மாட்டார்கள். எங்கள் தொழிலில் இதைவிடப் பயப்பட வைக்கும் விஷயம் கிடையாது, வேறு ஷாட்டுக்கு வெட்டிப் போக இடமே இல்லை. அது 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியின் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. இறுதி சீசனின் இன்னொரு எபிசோடு 2020-ல் வந்தது. இரண்டும் வெல்லவில்லை. மூன்றாவது சீசனில் கடலுக்கடியில் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் ஓடும் எபிசோடும் உண்டு, தனியாகவே பார்க்கலாம்.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். இந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு தரப்பு, "இவன் செய்தது எல்லாம் தப்பு, ஆனால் இவன் மனசுக்குள் ஓடுவது அப்படியே எனக்குள் ஓடுவது" என்கிறது. நான்காவது சீசனில் ஒரு எபிசோடு முழுக்க அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கும் உள்குரல் ஓடும், கிறுக்கல் ஓவியங்களோடு. அதைப் பார்த்து "என் தலைக்குள் நடப்பதை முதல் முறையாக வெளியே பார்த்தேன்" என்று சொன்னவர்கள் ஏராளம். இன்னொரு தரப்பு, "பாதிக்கப்பட்ட பெண்களை விட்டுவிட்டு இவனுக்கா உச்சுக்கொட்டுகிறீர்கள்" என்கிறது. இரண்டு தரப்புக்கும் தொடரிலேயே ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் சண்டை ஓய்வதில்லை.

இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இந்தச் சண்டையைத் தொடரே கதைக்குள் கொண்டுவந்துவிட்டது. 2018 செப்டம்பரில் வந்த ஐந்தாவது சீசன். போஜாக் இப்போது ஒரு துப்பறியும் தொடரில் நடிக்கிறான், அதன் நாயகன் இவனைப் போலவே தப்பு செய்துவிட்டு வருந்துபவன். முதல் காட்சி விழா மேடையில் போஜாக் பேசுகிறான்: நாம் எல்லோருமே மோசம்தான், அதனால் பரவாயில்லை என்று இந்தத் தொடர் எனக்குப் புரியவைத்தது, என்கிற மாதிரி. அதில் எழுத்து வேலை செய்த டயானுக்கு ரத்தம் கொதிக்கிறது. தங்கள் அயோக்கியத்தனத்தைப் பற்றி நிம்மதியாக இருப்பதற்கு யாருக்கும் இதை ஒரு சாக்காகக் கொடுக்க நான் எழுதவில்லை என்று அவனிடமே சொல்கிறாள். அடுத்த எபிசோடில் வலி மாத்திரைப் போதையில் அவன் கூட நடிக்கும் பெண்ணின் கழுத்தை நிஜமாகவே நெரிக்கிறான். எழுதியவர்களின் மனதில் என்ன இருந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் "நான்தான் போஜாக்" என்று அவன் படம் போட்ட சட்டையைப் பெருமையாகப் போட்டுக்கொண்டிருந்த ரசிகனுக்கு நேராகச் சொன்ன பதிலாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

ஆகவே நண்பர் அப்படிச் சொல்லும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்பதைக் கேட்டுப் பாருங்கள். "எவ்வளவு முயன்றாலும் நான் மாற மாட்டேன், நான் அப்படித்தான்" என்ற அர்த்தமென்றால், தொடர் அதற்கு ஆதரவாக நிற்கவில்லை. இரண்டாவது சீசனின் கடைசியிலேயே, மூச்சிரைக்க ஓடி விழுந்து கிடக்கும் போஜாக்கிடம், தினமும் அந்தப் பக்கம் ஓடும் ஒரு பபூன் குரங்கு, இது நாளாக நாளாக எளிதாகும், ஆனால் தினமும் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம் என்கிறது. "என்னைப் போல ஒருத்தனைத் திரையில் பார்த்தேன், தனியாக இல்லை என்று தோன்றியது" என்ற அர்த்தமென்றால் அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சும் கூட வருகிறது என்றால், அது தொடரைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே என் போன்றவன் கருத்து சொல்லக் கூடாது. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இறுதி சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடு நேராகச் சாவைப் பற்றியது. அவர் அந்த நிலையில் இருந்தால் அதை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அந்த எபிசோடையும் முடிவையும் பற்றித்தான் ரசிகர்களிடையே அடுத்த பெரிய தகராறு. நீச்சல்குளத்தில் மூழ்கிக்கொண்டிருப்பவன், செத்துப்போனவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் ஒரு விருந்தில் இருக்கிறான். ஒவ்வொரு எபிசோடின் டைட்டிலிலும் அவன் நீச்சல்குளத்தில் விழுவதை நாம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறோம், அதனால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கடைசி எபிசோடே அவன் கனவு என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. கடைசி எபிசோடில் அவன் பிழைத்து, சிறைக்குப் போய், கேரலினின் கல்யாணத்துக்குத் தற்காலிகமாக வெளியே வருகிறான். பழைய நட்புகள் ஒவ்வொன்றும் அவனை விட்டு மரியாதையாக நகர்ந்துவிட்டிருக்கின்றன. செத்திருந்தால் எல்லோரும் அவனை நினைத்து அழுதிருப்பார்கள், அது அவனுக்கு வசதியான முடிவு. உயிரோடு விட்டு, மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போவதைக் காட்டியதுதான், எதுவும் பழையபடி ஆகாது என்ற அந்தச் சட்டத்துக்குப் பொருந்துகிறது. இது என் வாசிப்பு. மறுப்பவர்களோடு வாதாடத் தயார்.

வேறு வகை எதிர்வினைகளும் உண்டு, அவற்றை விட்டுவிடக் கூடாது. டாட் தனக்குப் பாலீர்ப்பே கிடையாது என்பதை நான்காவது சீசனில் சொல்கிறான். தொலைக்காட்சியில் அப்படி வெளிப்படையாகச் சொல்லும் பாத்திரம் மிக அரிது, அப்படிப்பட்டவர்கள் அதை எவ்வளவு கொண்டாடினார்கள் என்பதைத் தேடினாலே பார்க்கலாம். டயான் விஷயத்தில் நேர்மாறு. அவள் வியட்நாமிய அமெரிக்கப் பெண், குரல் கொடுத்தவர் அலிசன் ப்ரீ, வெள்ளையர். ஐந்தாவது சீசனில் ஹனோய்க்குப் போய் அங்கேயும் ஒட்டாமல் நிற்கும் டயானை எழுதியவர்கள், அந்தக் குரலுக்கு ஒரு வியட்நாமிய அமெரிக்கரைத் தேடவில்லை. பாப்-வாக்ஸ்பெர்க் இதைத் தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், அலிசன் ப்ரீ 2020 ஜூனில் மன்னிப்புக் கேட்டார். தொடரின் உச்சியில் இருக்கும் கறை இது, ரசிகன் என்ற முறையில் இதை மழுப்ப மாட்டேன்.

பிடிக்காதவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பணக்கார நடிகனின் மனக்கஷ்டத்துக்கு இத்தனை மணி நேரமா என்பார்கள். போஜாக் வாடகைக்கு அல்லாடுவதில்லை, அவன் எத்தனை தடவை விழுந்தாலும் பணம் தாங்கிப்பிடிக்கிறது. ஹாலிவுட் உள்விவகார ஜோக்குகள் நம்மில் பலருக்கு எட்டாது. ஐந்தாவது சீசனுக்குள் சோகமும் ஒரு சூத்திரமாகி, சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடு என்றாலே நம்மை அழவைக்க வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதை எல்லாம் சொல்லிவிட்டு ஒருவர் எனக்கு வேண்டாம் என்றால், அவருக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு என் யோசனை. நான்கு பார்த்துவிட்டீர்கள், எட்டாவது வரை பாருங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு போதும். எட்டாவது முடிந்த பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். தொடர்ந்தால், ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வசனம் படுவேகம். ஆனால் எழுத்தையே படித்துக்கொண்டிருந்தால் பின்சுவரில் ஒட்டியிருக்கும் ஜோக் போய்விடும், அதனால் பிடித்த எபிசோடை இன்னொரு தரம் சப்டைட்டில் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். நண்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்தாவது சீசனின் அந்த மேடைப் பேச்சு வரும்போது நிறுத்திவிட்டு, டயான் சொல்வது சரியா என்று அவரிடமே கேளுங்கள்.